அப்பாவின் கதையில் நீங்கள் எங்கே?

கேள்வி: பத்தாம் வகுப்புவரை மதுரையில் படித்துவிட்டு, அப்பா வேலைபார்க்கும் நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். இப்போது பொருளாதாரத்தில் இளங்கலை இறுதியாண்டு. இந்த ஆண்டு அமெரிக்க லா ஸ்கூல்களுக்கு விண்ணப்பிக்கிறேன். எல்சாட் நுழைவுத் தேர்வு எழுதியாகிவிட்டது. பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வந்துவிட்டன. என்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையான பர்சனல் ஸ்டேட்மென்ட் மட்டும் இரண்டு மாதமாக முதல் பத்தியைத் தாண்டவில்லை. எதைப் பற்றி எழுதுவது என்றே முடிவாகவில்லை.

அப்பா பதினோரு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் கதையை எழுதச் சொல்கிறார் அம்மா. ஊரில் எங்கள் அத்தை தன் பங்கு நிலத்துக்காக நடத்தும் வழக்கை எழுதினால் எடுப்பாக இருக்கும் என்கிறான் அண்ணன். மூன்று வருடம் மாக் ட்ரையல் (மாதிரி வழக்காடல்) அணியில் இருந்தாயே, அதை எழுது என்கிறார் கல்லூரி ஆலோசகர்.

என் மனதில் நிற்பது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் சிலர், வீட்டுக்கு வந்த கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பார்கள். போன வருடம் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கும் ஒரு அண்ணனும் அக்காவும், வீட்டைக் காலிசெய்து இரண்டு மாதமாகியும் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று வந்தார்கள். சுவர் பெயின்ட் செலவுக்குக் கழித்துக்கொண்டதாக வீட்டுக்காரர் எழுதியிருந்த கடிதத்தைத் தமிழில் சொன்னேன். “சரிம்மா, இப்ப நாங்க என்ன செய்யணும்?” என்று அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியே நின்றேன். பிறகு தேடிப் பிடித்து ஒரு சட்ட உதவி அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவர்கள் எழுதவைத்த ஒரு கடிதத்தில் பணம் வந்துவிட்டது. இது ரொம்பச் சின்ன விஷயம். இதைப் போய் எழுதலாமா?

இன்னொன்று. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது என் மதிப்பெண்கள் இறங்கின. அதையும் இதிலேயே சொல்ல வேண்டுமா?

— பெயர் வெளியிட வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: அண்ணனின் யோசனையிலிருந்து தொடங்குகிறேன். தள்ளிவைக்கச் சுலபமானது அதுதான்.

அத்தையின் வழக்கில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையான பங்கை மகள்களுக்கும் தந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குத் தரவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்த வேலி நீங்கியது. உங்கள் அத்தை எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்ல இந்த மூன்று வாக்கியங்கள் வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் என்ன, வாய்தா என்றால் என்ன என்று அமெரிக்கருக்கு விளக்க இன்னும் ஒரு பத்தி வேண்டும். பெரும்பாலான லா ஸ்கூல்கள் தருவதோ வரிக்கு வரி இடம்விட்டு அச்சடித்த இரண்டு பக்கம். விளக்கி முடிப்பதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்த வழக்கில் நீங்கள் ஒரு நாளாவது நீதிமன்றப் படி ஏறியிருக்கிறீர்களா? ஒரு பத்திரத்தையாவது படித்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அது அத்தையின் கதை. அத்தை விண்ணப்பிக்கும்போது எழுதட்டும்.

மாக் ட்ரையலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உங்கள் ரெசுமேயில் இருக்கிறது. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் அதை அங்கேயே பார்த்துவிடுவார். வாதாடப் பிடிக்கும், அதனால் வக்கீலாக வேண்டும் என்று எழுதாத விண்ணப்பதாரர் குறைவு.

அம்மா சொன்னதற்கு வருவோம். இதில்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பல வருடங்களாக நம் பிள்ளைகள் எழுதும் வரைவுகளைப் படித்துவருகிறேன். பாதிக்கு மேல் அப்பாவைப் பற்றியவை. இரண்டு பெட்டியோடு விமானம் ஏறிய அப்பா, மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட அப்பா, எதுவும் வாய்விட்டுச் சொல்லாத அப்பா. படித்து முடிக்கும்போது அப்பாவை லா ஸ்கூலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பிள்ளை கடைசிப் பத்தியில் வந்து, இந்தத் தியாகத்துக்கு ஈடாக நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும்.

அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல மனம் வரவில்லை. தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்த்தது நாம்தான். நம் மொழியும் அதற்கு இடம் கொடுக்கிறது. ‘போனேன்’, ‘கேட்டேன்’ என்றால் போதும். ‘நான்’ வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ‘நானை’ வாக்கியத்தின் வாசலில் நிறுத்தியாக வேண்டும். கூச்சப்படும் பிள்ளை அந்த வாசலில் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அம்மா சொன்னபடி ஒரு வரைவு எழுதி, அப்பா வரும் வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியில் ஒரு ஆள் தெரிய வேண்டும். ‘பெருமைப்படுகிறேன்’, ‘கற்றுக்கொண்டேன்’, ‘உந்துதல் பெற்றேன்’ மட்டும் மிஞ்சினால் அந்தத் தலைப்பு உங்களுக்கு ஆகாது.

ஆனாலும் கிரீன் கார்டுக் கதையில் உங்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அம்மா அதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. இந்தியர்களின் வரிசை இவ்வளவு நீளமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். அந்த வரிசையில் பெற்றோர் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெற்றோரின் விசாவைச் சார்ந்து இருக்கும் தகுதி போய்விடும். தனியாக மாணவர் விசாவுக்கு மாறித்தான் படிப்பைத் தொடர வேண்டும். நீங்கள் அநேகமாக அந்தப் பிறந்தநாளைக் கடந்திருப்பீர்கள், அல்லது நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். கேக் வெட்டும் நாளில் எந்தப் படிவத்தை நிரப்பினீர்கள்? அதைப் படிக்கும்போது என்ன புரிந்தது, எது புரியவில்லை? எழுதுவதானால் அந்த நாளை எழுதுங்கள். பதினோரு வருடம் தேவையில்லை.

இனத்தையோ பிறந்த நாட்டையோ பற்றி எழுதலாமா என்ற தயக்கம் 2023-க்குப் பிறகு பலருக்கும் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு தொடர்பான வழக்கில், இன அடிப்படையிலான சேர்க்கை முறையைச் செல்லாது என்றது. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்: தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதையும், அது அவருடைய குணத்தையோ திறமையையோ காட்டுமானால் அதைக் கணக்கில் எடுப்பதையும் தடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். ஆக, எழுதலாம். ‘நான் தமிழச்சி’ என்ற அடையாளத்தோடு நிறுத்தாமல் அதனால் என்ன செய்தீர்கள் என்பதுவரை போக வேண்டும்.

இப்போது, நீங்கள் ‘சின்ன விஷயம்’ என்று ஒதுக்கியதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது அந்த இடத்தைத்தான். ‘எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியே நின்றேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அங்கே என்ன நடந்தது என்று நீங்களே கவனித்தீர்களா? கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது மொழிபெயர்ப்பு. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது சட்ட ஆலோசனை. உரிமம் இல்லாதவர் அதைச் செய்வது நியூ ஜெர்சியில் குற்றம். வேறு பல மாநிலங்களிலும் அப்படித்தான். நீங்கள் இவை இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத் தெரிந்து நிற்கவில்லை. தெரியாமலேயே அதன் மேல் போய் நின்றுவிட்டீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம், பலரும் சொல்வார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் யார் என்று தேடிப் போனீர்கள். நல்ல வக்கீல்கள் வாரத்துக்கு நாலு முறை செய்யும் வேலை அது.

சட்டமும் அதில் தானாகவே வருகிறது. நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலிசெய்த 30 நாளுக்குள், கழித்தது போக மீதியைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். தராமல் இழுத்தால், நீதிமன்றம் போகிற வாடகைதாரருக்கு அந்தத் தொகை இரட்டிப்பாகக் கிடைக்கலாம். குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தச் சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. அந்த அக்காவின் பக்கம் இவ்வளவு சட்டம் இருந்தது. அவருக்குத் தெரியாது. மொழிபெயர்த்த உங்களுக்கும் அன்று தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகு உங்களுக்குள் என்ன ஓடியது என்பதுதான் இரண்டாவது பக்கம். கோபம் வந்ததா, வெட்கமா, ஆர்வமா? எனக்குத் தெரியாது. வெட்கம் என்றால் வெட்கம் என்றே எழுதுங்கள். சமூகநீதி வேட்கை என்று அதற்கு அலங்காரம் செய்ய வேண்டாம்.

பணம் வந்ததைப் பெரிதாக்காதீர்கள். அதை வரவழைத்தது சட்ட உதவி அலுவலகம் எழுதவைத்த கடிதம். நீங்கள் கொடுத்தது தொலைபேசி எண். ‘நான் அவர்களுக்கு நீதி பெற்றுத் தந்தேன்’ என்று எழுதினால், இத்தனை நேரம் நல்லபிப்பிராயத்தோடு படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். சேர்க்கைக்குக் கொடுக்கும் தகவலில் பொய் கலந்தால் அது சேர்க்கையோடு முடிவதில்லை. மூன்று வருடம் படித்துவிட்டு வக்கீலாகப் பதிவுசெய்யப் போகும்போது, பார் அமைப்பு உங்கள் நடத்தையையும் நாணயத்தையும் விசாரிக்கும். பழைய விண்ணப்பமும் அப்போது மேசைக்கு வரலாம்.

மதிப்பெண் விஷயத்தை இதற்குள் நுழைக்காதீர்கள். அதற்கு ‘அடெண்டம்’ என்று தனித் தாள் உண்டு. எந்தப் பருவம், என்ன நடந்தது, பிறகு மதிப்பெண் எப்படி ஏறியது என்று ஐந்தாறு வரி போதும். உருக்கம் வேண்டாம். பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் நடுவே ஆஸ்பத்திரி வந்தால் படிப்பவர் மனம் அங்கேயே தங்கிவிடும்; அக்காவின் கேள்விக்குத் திரும்பி வராது.

எல்லா லா ஸ்கூலுக்கும் ஒரே தாளை அனுப்ப முடியும் என்றும் நினைக்காதீர்கள். பெர்க்லி நான்கு பக்கம்வரை அனுமதிக்கிறது. ஹார்வர்டு 2023 முதல் பழைய முறையை விட்டுவிட்டு, ஏன் சட்டம் என்பதற்கு ஒன்றும், எந்த அனுபவங்கள் உங்களை உருவாக்கின என்பதற்கு ஒன்றுமாக இரண்டு கட்டுரை கேட்கிறது. உங்கள் அட்வான்ஸ் கதை முதல் தாளுக்குப் போகும்; 21-ஆம் பிறந்தநாள் இரண்டாவதற்கு. ஒவ்வொரு இடத்தின் அறிவிப்பையும் இந்த ஆண்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கடைசி வரியில் ஸ்கூலின் பெயரைச் சேர்க்கிறவர்கள் அனுப்பும் முன் அந்த ஒரு வரியை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும். ஒரு ஸ்கூலுக்கு இன்னொரு ஸ்கூலின் பெயரோடு அனுப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காத பையனை எனக்குத் தெரியும்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். 2023-இல் மிச்சிகன் லா ஸ்கூல் கூடாது என்றது, அரிசோனா ஸ்டேட் லா ஸ்கூல் அறிவித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்றது. விதி இடத்துக்கு இடம் மாறுகிறது. என் கணக்கு எளிமையானது: அந்த அக்கா கேட்டபோது தமிழ்ப் பள்ளி வராந்தாவில் என்ன சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அதற்குத் தெரியாது.

முதல் பத்தி நகரவில்லை என்றீர்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்ததாலும் இருக்கலாம். மதுரையில் இருக்கும் ஒரு தோழிக்குப் போனில், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தமிழிலேயே சொல்லிப் பதிவுசெய்யுங்கள். எந்த இடத்தில் அவள் “அப்புறம்?” என்று கேட்கிறாளோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். பல ஸ்கூல்கள் வரிசைப்படி வரவர இடங்களை நிரப்பும். ஆகவே நவம்பருக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

எழுதும் முன் ஒரு வேலை பாக்கி. அந்த அண்ணனையும் அக்காவையும் பார்த்து, உங்கள் விஷயத்தை எழுதட்டுமா என்று கேளுங்கள். சரி என்றாலும் பெயரையும் உணவகத்தையும் மாற்றிவிடுங்கள்.