நீலக் காயல் இயற்கையா, செயற்கையா?



எரிமலைப் பாடம் நடந்தபோது டீச்சர் ஒரு படம் காட்டினாங்க. சுற்றிலும் கறுப்புப் பாறை. நடுவில் பால் கலந்த மாதிரி நீலத் தண்ணீர். ஆவி பறக்குது. சிலர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள். "இது என்ன?" என்று டீச்சர் கேட்டதும் நான்தான் முதலில் எழுந்து, "இயற்கை வெந்நீர் ஊற்று டீச்சர்" என்றேன். "பாதிதான் சரி. மீதியைத் தேடிப் படிச்சு சுவர் இதழில் எழுது" என்றார்கள். படித்ததை எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது?

ஐஸ்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில், கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் புளூ லகூன். தமிழில் நீலக் காயல் எனலாம்.

தண்ணீர் ஏன் சுடுகிறது?

வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகிக்கொண்டே போகின்றன. அந்தப் பிளவின் மேல்தான் ஐஸ்லாந்து உட்கார்ந்திருக்கிறது. கடல் நீரும் மழை நீரும் பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, 200 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகின்றன. இதுவரை எல்லாம் இயற்கை.

குளம் எப்படி வந்தது?

இங்கேதான் நான் தப்பு செய்தேன். 1976-ல் அங்கே ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப நிலையம் வேலையைத் தொடங்கியது. ஆழமான துளை போட்டுச் சுடுநீரையும் நீராவியையும் மேலே எடுத்தார்கள். அதில் உப்பும் சிலிக்காவும் அதிகம், அப்படியே விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தச் சூட்டைக் கொண்டு நல்ல தண்ணீரைச் சூடாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். மின்சாரமும் எடுத்தார்கள். மிச்சமான தண்ணீரைப் பக்கத்துப் பாறைவெளியில் விட்டார்கள். ஓட்டை நிறைந்த எரிமலைப் பாறைதானே, உறிஞ்சிவிடும் என்று நினைத்தார்கள்.

ஆனால் உறிஞ்சவில்லை! நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படியுமே, அது சுண்ணாம்பு உப்பு. அங்கே படிந்தது சிலிக்கா. அது பாறை ஓட்டைகளை அடைக்க, தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. நீல நிறமும் சிலிக்காத் துகளில் வெயில் பட்டுச் சிதறுவதால் வருவதுதான். கையில் அள்ளினால் வெள்ளையாகத்தான் தெரியும்.

1981-ல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள ஒருவர் அதில் குளித்துப் பார்த்தார். சொறி குறைந்ததாகச் சொன்னார். 1987-ல் பொதுமக்கள் குளிக்க இடம் கட்டினார்கள். கழிவு என்று கொட்டிய தண்ணீரைத் தேடி உலகமே வந்தது.

குளிக்கப் போனால்...

தண்ணீர் 37 முதல் 40 டிகிரி இருக்கும். இறங்கும் முன் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தே ஆக வேண்டும். நகைகளைக் கழற்றிவிட வேண்டும். தோழிகளே, முடியை நனைக்காதீங்க! சிலிக்கா பட்டால் துடைப்பம் மாதிரி விறைத்துவிடுமாம்.

பூமி விழித்தது

அந்தத் தீபகற்பத்தில் சுமார் 800 வருடமாக எரிமலை வெடிக்கவில்லை. 2021-ல் வெடித்தது. 2023 நவம்பர் 10 அன்று நிலம் ஓயாமல் நடுங்கியதால், கிரிண்டாவிக் மக்கள் சுமார் 3,800 பேர் ஒரே இரவில் ஊரைக் காலி செய்தார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது. பிப்ரவரியில் வெந்நீர்க் குழாயை மூடியதால், கடுங்குளிரில் 20,000 பேருக்கு மேல் வெந்நீர் இல்லாமல் தவித்தார்கள். நவம்பரில் நீலக் காயலின் வண்டி நிறுத்துமிடமே குழம்பின் அடியில் போய்விட்டது. சுற்றிலும் மண் கரை போட்டிருந்ததால் குளம் தப்பியது. ஆனால் ஊர் மக்களில் பெரும்பாலோர் வீட்டை அரசு ஏற்படுத்திய நிறுவனத்திடம் விற்றுவிட்டு வேறு ஊர் போய்விட்டார்கள்.

படத்தில் நான் ஆவியையும் நீலத்தையும் மட்டுமே பார்த்தேன். அந்தத் தண்ணீரைச் சூடாக்கிய நெருப்புதான் பக்கத்து ஊரைக் காலி செய்ய வைத்தது என்பது படித்த பிறகே தெரிந்தது.

டீச்சர், என் திருத்திய விடை: சூடு இயற்கை தந்தது, குளம் மனிதர் தெரியாமல் உண்டாக்கியது.

யோசித்துச் சொல்லுங்கள்:
1. சுடுநீரை நேராக வீடுகளுக்கு ஏன் அனுப்பவில்லை?
2. கையில் அள்ளிய நீர் ஏன் நீலமாக இல்லை?
3. நீங்கள் கிரிண்டாவிக்கில் பிறந்திருந்தால் திரும்பிப் போவீர்களா?

முதல் இரண்டுக்கும் விடை மேலேயே இருக்கு. மூன்றாவதற்கு உங்கள் விடையை எழுதி, கீழே குத்தி வையுங்கள்.


9-ஆம் வகுப்பு மாணவி