பதிவேட்டில் பெயரை மீட்டல்: செவிலியருக்குச் சில பாடங்கள்

தமிழ்நாட்டில் செவிலியராகப் பணிபுரியும் உரிமை, 1926ஆம் ஆண்டின் செவிலியர், தாதியர் சட்டத்தின்கீழ் இயங்கும் மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருப்பதைச் சார்ந்தது. புதுப்பிக்காமல் காலாவதியான பதிவை, நிலுவைக் கட்டணத்தைச் செலுத்தி, கேட்கப்படும் சான்றிதழ்களைக் கொடுத்து மீட்டுவிடலாம். அதில் விரித்துரைக்க ஏதுமில்லை. தொழில் ஒழுங்கீனம், அதாவது பணியில் கவனக்குறைவு அல்லது முறைகேடு என்ற குற்றச்சாட்டில் பெயர் நீக்கப்பட்டால்தான் மீட்பு நெடும்போராட்டமாகிறது.

அவ்வாறு பெயரை இழந்து மீட்ட தூத்துக்குடி முத்தையாபுரத்துச் செவிலியர் ஒருவரின் அனுபவத்தில், எல்லாவற்றையும்விடப் பெருங்கேடு விளைவித்தது மருத்துவமனை நிர்வாகம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதமே. ஊசிமருந்தின் அளவு மாறியதாகப் புகார் எழுந்த அன்று காலை, இரவு டூட்டி முடிந்து கிளம்பவிருந்தவரிடம், "எழுதிக் கொடுத்துவிடுங்கள், விஷயம் இத்தோடு முடிந்துவிடும்" என்று மேலதிகாரி வெள்ளைத்தாளை நீட்டி, வாசகங்களையும் தாமே சொன்னார். மருந்துக் குறிப்பேட்டில் மருத்துவரின் கையெழுத்திலேயே அளவு அடித்துத் திருத்தப்பட்டிருந்ததும், பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டோரை அவர் தனியாகக் கவனித்ததும் அக்கடிதத்தில் இடம்பெறவில்லை. அதுவே பின்னர் குற்ற ஒப்புதலாகக் கவுன்சிலுக்குச் சென்றது. எழுதச் சொன்னவர்களே அவருக்கு எதிராகச் சாட்சியம் அளித்தனர்.

ஆகவே, குற்றச்சாட்டைக் கூறி விளக்கம் கேட்கும் அறிவிப்பு வந்ததும், பதில் எழுதுமுன் ஆவணங்களைப் பெறுவதே முதற்கடமை. தனியார் மருத்துவமனை மறுத்தாலும், சட்டத்தால் அமைந்த கவுன்சிலிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் கட்டணத்தில் கோப்பின் நகலைக் கோரலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. செவிலியரின் தரப்பைக் கேளாமலோ காரணம் கூறாமலோ பிறப்பிக்கப்பட்ட நீக்கல் ஆணை இயற்கை நீதிக்கு, அதாவது எவரையும் கேளாமல் தண்டிக்கலாகாது என்ற நெறிக்கு, முரணானது என்பதால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தென்மாவட்டத்தாருக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. பிரிட்டனில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியருக்குக் கெடு இன்னும் கடுமையானது: மேல்முறையீட்டுக்கு 28 நாள்களே உண்டு, அதில் வெல்லாதவர் மறுபதிவுக்கு விண்ணப்பிக்கவே 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில், பதிவில்லாமலே ஏதேனும் நர்சிங் ஹோமில் இரவுப்பணி பார்ப்பது மீட்பு மனுவை அடியோடு கெடுத்துவிடும். வீட்டில் மற்றவர் ஈட்டும் சம்பளத்தில் குடும்பத்தை நடத்திக்கொண்டு, பயிற்சி வகுப்புகளை முடித்துச் சான்றிதழ் சேர்ப்பதே விவேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக் குறிப்பேட்டின் நகல் கைக்கு வரும்வரை எந்தச் செவிலியரும் எந்த மேலதிகாரிக்கும் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்க வேண்டாம்.