டி.எஸ்.ஹெச். 6 என்று வந்தால்: தங்கவயல்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புகிறவர்களுக்கு அசதி புதிதல்ல. அந்த அசதிக்காக ரத்தம் கொடுத்தால், சிலருக்கு டி.எஸ்.ஹெச். 6 அல்லது 7 என்று தடித்த எழுத்தில் வருகிறது. அந்த வாரமே தைராய்டு மாத்திரை தொடங்கி, அப்படியே ஆயுளுக்கும் நீண்டுவிடுகிறது. பெரும்பாலோருக்கு இந்த அவசரம் தேவையில்லை. சிலருக்கோ ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

முதலில், தாளைப் பாருங்கள்

டி.எஸ்.ஹெச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு சற்றுத் தளர்ந்தால் உத்தரவின் அளவு கூடும். வழக்கமான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 சரியாக இருந்து, டி.எஸ்.ஹெச். மட்டும் 10-க்குள் ஏறியிருந்தால் அது லேசான குறைபாடு. தாளில் ஃப்ரீ டி4 இல்லையென்றால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. பெங்களூர், சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 8 பேருக்கு இந்த நிலை இருந்தது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

மறுபடி ரத்தம் கொடுங்கள்

2 முதல் 3 மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பலருக்கு அதற்குள் தானாகவே இறங்கிவிடும். டி.எஸ்.ஹெச். இரவிலும் விடிகாலையிலும் ஏறும், பிற்பகலில் இறங்கும். போன முறை காலை 7 மணிக்குக் கொடுத்துவிட்டு இந்த முறை வேலை முடிந்து மாலையில் கொடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. வார விடுமுறை நாளில், அதே லேப்பில், அதே நேரத்தில் கொடுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடும், காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்திலும் வேண்டாம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அது முடிவைக் குழப்பும்.

இந்த முறை ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்), கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் பெண்களின் அசதிக்குப் பல நேரம் ரத்தசோகைதான் காரணம். கோலார் மாவட்ட போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். முதுகும் மூட்டும் இறுகிக்கொள்வதற்கு அதுவும் காரணமாகலாம். சுரங்கத்தில் உழைத்த பெரியவருக்கு மூச்சிரைத்தால் முதலில் நுரையீரலையும் இதயத்தையும் பாருங்கள். எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் போட்டால் உண்மையான நோய் தப்பித்துக்கொள்ளும்.

லேசான குறைபாட்டால் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்கு மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை, மாதவிடாயில் அதிகப் போக்கு இருக்கும். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், கரு தங்கத் தாமதமாகும். எடை ஏறுவது மிகக் கொஞ்சம்தான்.

யாருக்கு மாத்திரை?

கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயல்கிறவர்களும் மறுபரிசோதனைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைராய்டை நம்பித்தான் இருக்கிறது. டி.எஸ்.ஹெச். இரண்டு முறையும் 10-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மாத்திரை வேண்டும்.

10-க்குள் இருந்து ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். பிரிட்டனின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு கண்காணித்ததில், இப்படிப்பட்ட பெண்களில் ஆண்டுக்கு 100-க்கு 4 பேர்தான் முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச். சற்று உயர்வது இயல்பு. 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியில் வேறுபாடு இல்லை. மருந்தின் அளவு மிஞ்சினாலோ நெஞ்சு படபடக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். பாட்டிக்கு 6.5 வந்தது என்றதும் மாத்திரை வாங்க ஓடாதீர்கள்.

சுரங்கம் 2001-இல் மூடியபின் கம்பெனி ஆஸ்பத்திரியை நம்பியிருந்த குடும்பங்கள் லேப் தாளும் மருந்துக்கடையுமாக அலைகின்றன. இந்த முடிவை மருந்துக்கடையில் எடுக்காதீர்கள். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையிலோ, கோலார் எஸ்.என்.ஆர். மருத்துவமனையிலோ டாக்டரிடம் இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துக் கேளுங்கள்.

தொடங்கினால் சரியாகச் சாப்பிடுங்கள்

வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். 4 மணிக்கு எழுந்து காபியைக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பாருங்கள், கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்கள் அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு. பிராண்டை மாற்றினால் அதேபோல மறுபடி பார்க்க வேண்டும். பாட்டிலை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், சூட்டில் மருந்து வீரியம் இழக்கும்.

சமையலுக்கு அயோடின் உப்பு போதும். மூடி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக அயோடின் சொட்டு, கடற்பாசிப் பொடி வேண்டாம், அவை தைராய்டைக் கெடுக்கவும் கூடும். அயோடின் உப்பு சாப்பிடுகிறவர்கள் கேழ்வரகுக் களியையோ முட்டைகோஸையோ ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பல ஆண்டுக்கு முன் தொடங்கிய மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறீர்களா? நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்துப்போய், இது இன்னும் தேவையா, அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.