முதல் வண்டி பழைய புல்லட்டா? மலையிறங்கும் முன் ஒரு பாடம்

கம்பத்திலிருந்து மலையேறி, கம்பம்மெட்டைத் தாண்டி இடுக்கியின் ஏலத் தோட்டங்களை அண்டி வாழும் நம் குடும்பங்களில், மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் மோட்டார் சைக்கிள் ஆசை எழுகிறது. பழைய புல்லட் என்றால் ஆசை இரட்டிப்பாகும். பெற்றோரின் அச்சமும் அப்படியே. வண்டியை அறிந்து ஏறினால் அச்சம் குறையும்.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நாட்டில் உற்பத்தி நின்ற பிறகும் சென்னையில் தொடர்ந்தது. 346 சி.சி. கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின், அமைப்பு எளிது. கற்க விரும்புகிறவருக்கு நல்ல ஆசான்.

1. காலின் பாடம்

இன்றைய வண்டிகளில் கியர் இடக்காலில், பின் பிரேக் வலக்காலில் இருக்கும். பழைய நான்கு கியர் புல்லட்டில் இது தலைகீழ். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. வேறு வண்டியில் பழகியவர் ஆபத்து நேரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்துவிடுவார். ஆகவே சமதளத்தில் பல நாள் பழகி, யோசிக்காமலே கால் சரியான இடத்துக்குப் போகும்வரை மலைப்பாதை வேண்டாம்.

2. உதைக்கும் பாடம்

சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். இறுகி நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை சற்றே நகர்த்துங்கள். பிறகு அதை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுதாக உதையுங்கள். அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பியடித்துக் காலைக் காயப்படுத்தும்.

3. இறக்கத்தின் பாடம்

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்குவது பெருந்தவறு. வண்டியின் பாரம் முழுதும் பிரேக்கின் மேல் விழும். டிரம் பிரேக் தொடர்ந்து தேய்ந்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைக் கட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மூடுபனியில் தோட்ட ஜீப்புகள் எதிரே வருவதை மறவாதீர்கள்.

4. பராமரிப்பு

வாரம் ஒருமுறை எண்ணெய் அளவு, செயின் தொய்வு, பிரேக் கம்பி, டயர் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கட்டும். டேப்பெட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். அதிர்வால் போல்ட்டுகள் தளரும், ஸ்பானர் உடனிருக்கட்டும்.

5. காகிதங்கள்

பதிவு முதல் 15 ஆண்டுக்கே செல்லும். பிறகு சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான வண்டியைக் கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பயிற்சி

சாவியைக் கொடுக்குமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: பிரேக் எந்தக் காலில்? முள் எங்கே நிற்க வேண்டும்? இறக்கத்தில் எந்தக் கியர்? மூன்றுக்கும் தயங்காமல் விடை வந்தால், ஹெல்மெட்டையும் சேர்த்துக் கொடுத்து மகிழ்ச்சியோடு வழியனுப்புங்கள்.