பாட்டுக்கு அப்பால் ஒரு பாதை

நுழையும்முன்

ஒரு பாடலைக் கேட்டு மகிழ்வது எளிது. அது எந்த மண்ணில், எவருடைய வாழ்விலிருந்து பிறந்தது என்பதை அறிய அந்த மண்ணுக்கே செல்ல வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களுக்குச் செல்வோர் பலர், அங்குள்ள இசை நகரங்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நகரங்களுக்கு இடையே ஓடும் சாலைகளின் ஓரத்தில் ஒரு பெரும் வரலாறு விரிந்து கிடக்கிறது. அவ்வரலாற்றையும் காணும் வகையில் ஒரு சாலைப் பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வழக்கமான வழி

தென்மாநிலப் பயணம் என்றதும் மூன்று நகரங்களின் பெயர்களே முதலில் எழும். கன்ட்ரி இசைக்கு நாஷ்வில். புளூஸ், ராக் இசைக்கு மெம்பிஸ். ஜாஸ் இசைக்கு நியூ ஆர்லியன்ஸ். நாஷ்வில்லில் 1925ஆம் ஆண்டு வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய கிராண்ட் ஓலே ஆப்ரி, மெம்பிஸில் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த கிரேஸ்லாண்ட் மாளிகை, இசை விடுதிகள் நிறைந்த பீல் தெரு ஆகியவை ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. இவை காணத்தக்கவையே. ஆயினும், மெம்பிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சென்றுவிடலாம். அவ்வாறு செல்பவர் இசை ஒலித்த மேடைகளைக் காண்கிறார். இசை பிறந்த மண்ணைக் காணாமல் கடந்துவிடுகிறார்.

உயிர் காத்த வழிகாட்டி

இச்சாலைகளில் பயணத்தைத் திட்டமிடுவது ஒரு காலத்தில் உயிரைக் காக்கும் செயலாக இருந்தது. அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், 'ஜிம் குரோ' எனப்பட்ட பாகுபாட்டுச் சட்டங்கள் கறுப்பின மக்களைப் பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும் பிரித்தே வைத்தன. காரில் செல்லும் கறுப்பினக் குடும்பத்திற்கு வழியில் தங்க அறை கிடைக்காது; உணவு கிடைக்காது; கழிப்பறையும் மறுக்கப்படும். சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் காணப்படுவதே ஆபத்தாக இருந்தது.

இந்நிலையில், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் அஞ்சல்காரர், 1936ஆம் ஆண்டு ஒரு சிறு நூலை வெளியிட்டார். கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள் ஆகியவற்றின் முகவரிகளை ஊர்வாரியாகத் தொகுத்த அந்நூல் 'பசுமை நூல்' என அழைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் அது புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. பெரும்புகழ் பெற்ற கறுப்பினப் பாடகர்களுக்கும் அத்தகைய வழிகாட்டுதல் தேவைப்பட்டது. மேடையில் கைதட்டல் பெற்றவர், அதே ஊரின் விடுதியில் படுக்கை பெற இயலாதவராக இருந்தார். பாட்டுக்கு அப்பால் செல்ல விரும்பும் பயணி இவ்வுண்மையிலிருந்தே தம் பயணத்தைத் தொடங்க வேண்டும்.

மெம்பிஸ்: ஒரு விடுதியின் கதை

மெம்பிஸில் உள்ள லொரெய்ன் விடுதி பசுமை நூலில் இடம்பெற்ற ஒன்று. வால்டர் பெய்லி, லொரீ பெய்லி இணையர் 1945இல் அதனை வாங்கி நடத்தினர். அரீதா ஃபிராங்க்ளின், ரே சார்லஸ் முதலிய இசைக் கலைஞர்கள் அங்குத் தங்கினர். புகழ்பெற்ற சில பாடல்களும் அவ்விடுதியின் அறைகளில் எழுதப்பட்டன. 1968இல் அந்நகரின் தூய்மைப் பணியாளர்கள் ஏறத்தாழ 1300 பேர் உரிய ஊதியமும் மதிப்பும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் நாள் அவ்விடுதியின் 306ஆம் அறை முன் நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் பக்கவாதத்தால் வீழ்ந்த லொரீ பெய்லி, கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த நாளில் உயிர்நீத்தார். அவ்விடுதி 1991 முதல் தேசியக் குடிமை உரிமை அருங்காட்சியகமாக விளங்குகிறது. பாட்டும் போராட்டமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இடம் அது.

டெல்டா: பருத்தி மண்

மெம்பிஸுக்குத் தெற்கே 61ஆம் எண் நெடுஞ்சாலையில் சென்றால் மிசிசிப்பி டெல்டா தொடங்குகிறது. காவிரி டெல்டாவைப் போல இது ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் அன்று. மிசிசிப்பி, யாசூ ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்த வெள்ளச் சமவெளி. வண்டல் படிந்த இம்மண் பருத்திக்கு ஏற்றது. அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பின மக்கள் இங்கே வாரத்திற்குப் பயிரிட்டனர். விதைக்கும் உணவுக்கும் நில உரிமையாளரிடம் கடன் பெற்று, விளைச்சலில் பெரும்பகுதியை அவருக்கே அளித்து, ஆண்டு முடிவில் கடனோடு நின்றவர் மிகப் பலர். அவ்வாழ்வின் குரலே புளூஸ் இசை.

மெம்பிஸிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் கிளார்க்ஸ்டேல் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே ஸ்டோவல் பண்ணையில் உழைத்துவந்த மடி வாட்டர்ஸ் என்பவரின் பாடல்கள், 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காக அங்கேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் சிகாகோவுக்குச் சென்றார். 1910 முதல் 1970 வரை தென்மாநிலங்களை விட்டு வெளியேறிய ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்களுள் அவரும் ஒருவர். அவர்களோடு புளூஸ் இசையும் வடக்கே சென்றது.

கிளார்க்ஸ்டேலில் ரிவர்சைடு விடுதி என்னும் கட்டடம் உள்ளது. அது முன்னர்க் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையாக இருந்தது. 61ஆம் நெடுஞ்சாலையில் கார் விபத்துக்குள்ளான பாடகி பெஸ்ஸி ஸ்மித், 1937இல் அங்கேதான் உயிர்நீத்தார். 1944இல் அது கறுப்பினப் பயணிகளுக்கான விடுதியாயிற்று.

சம்னர்: ஒரு தாயின் துணிவு

கிளார்க்ஸ்டேலுக்குத் தென்கிழக்கே சம்னர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் நீதிமன்றக் கட்டடம் இசைப்பயணிகளின் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிகாகோவிலிருந்து உறவினரைக் காண டெல்டாவுக்கு வந்த எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், 1955 ஆகஸ்டில் கடத்திக் கொல்லப்பட்டான். கடையிலிருந்த வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்பதே அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகக் கலந்துபேசி, கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. சிறுவனின் தாய் மேமி டில், சிதைந்த மகன் உடலை மூடாமல் வைத்து ஊரார் அனைவரும் காணச் செய்தார். அக்காட்சி நாட்டின் மனச்சான்றை உலுக்கியது.

அந்நீதிமன்றம் இன்று பழைய தோற்றத்திலேயே புதுப்பிக்கப்பட்டுள்ளது. சிறுவனின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் நடப்பட்ட நினைவுப் பலகை பலமுறை துப்பாக்கியால் சுடப்பட்டது. ஆகவே, 2019இல் குண்டு துளைக்காத பலகை அங்கு நிறுவப்பட்டது. வரலாறு முடிந்துபோன ஒன்று அன்று என்பதை அப்பலகை சொல்லாமல் சொல்கிறது.

செல்மா முதல் மான்ட்கோமரி வரை

மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில், 2017இல் திறக்கப்பட்ட குடிமை உரிமை அருங்காட்சியகத்தைக் கண்டபின், கிழக்கே அலபாமா மாநிலத்திற்குச் செல்லலாம். அங்குச் செல்மா நகரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், 1965 மார்ச் 7ஆம் நாள், வாக்குரிமை கோரி நடந்த ஏறத்தாழ 600 பேர் காவலர்களால் தாக்கப்பட்டனர். இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் தொடங்கிய நடைப்பயணம், 87 கிலோமீட்டர் கடந்து மார்ச் 25இல் மான்ட்கோமரியை அடைந்தபோது, அதில் ஏறத்தாழ 25,000 பேர் இணைந்திருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

அவர்கள் நடந்த 80ஆம் எண் நெடுஞ்சாலை லவுண்ட்ஸ் மாவட்டத்தின் ஊடே செல்கிறது. மக்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராக இருந்தும், 1965இன் தொடக்கத்தில் அம்மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. வாக்காளராகப் பதிந்ததற்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கூடாரங்களில் வாழ்ந்த இடத்தில் இன்று விளக்க மையம் ஒன்று உள்ளது. நடைப்பயணத்தின் கடைசி இரவில், மான்ட்கோமரி எல்லையில் தங்கியோருக்காக நினா சிமோன், ஹேரி பெலபான்டே முதலியோர் பாடினர். இசைக்கான பயணம் அந்த மைதானத்தையும் தன் வழியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மான்ட்கோமரியில் 2018இல் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவகத்தில், 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் உள்ளன. மாவட்டத்திற்கு ஒன்றாக அமைந்த அத்தூண்களில், கும்பல் கொலைகளுக்கு இரையான 4400க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். அக்கொலைகள் நடந்த இடங்களிலிருந்து திரட்டிய மண், பெயர் எழுதிய கண்ணாடிக் குடுவைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. குடுவைக்குக் குடுவை மண்ணின் நிறம் மாறுகிறது, துயரம் மாறவில்லை.

தெரிந்து தெளிவோம்

மான்ட்கோமரியில் சமயப் பணியாற்றிய மார்ட்டின் லூதர் கிங், அந்நகரில் 381 நாள்கள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை வழிநடத்தியவர். காந்தியடிகளின் அறவழியைக் கற்றறிய 1959இல் மனைவி கொரெட்டாவுடன் இந்தியாவுக்கு வந்தார். கன்னியாகுமரியில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரக் கண்டதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

திட்டமிடும் முறை

இப்பயணத்திற்குக் குறைந்தது ஆறு நாள்கள் தேவை. மெம்பிஸுக்கு ஒரு நாள், டெல்டாவுக்கு இரண்டு நாள்கள், ஜாக்சனுக்கு ஒரு நாள், செல்மாவுக்கும் மான்ட்கோமரிக்கும் இரண்டு நாள்கள் எனப் பகுத்துக்கொள்ளலாம். டெல்டாவில் பொதுப் போக்குவரத்து அரிது. எனவே கார் இன்றியமையாதது. கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. அக்டோபரில் சென்றால் வெப்பம் தணிந்திருக்கும். அறுவடைக்கு நிற்கும் வெண்பருத்தி வயல்களையும் காணலாம். சிற்றூர்களின் அருங்காட்சியகங்கள் எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை என்பதால், நாளையும் நேரத்தையும் முன்னரே உறுதிசெய்தல் நலம். துயரம் நிறைந்த இரண்டு இடங்களை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலுதல் கூடாது. கண்டதை உள்வாங்க மனத்திற்கு நேரம் வேண்டும். தேவாலயங்கள் இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள். நினைவகங்கள் பலருக்குத் தம் முன்னோரின் கல்லறைக்கு நிகரானவை. அங்கு அடக்கமும் அமைதியும் வேண்டும்.

இவ்வாறு சுற்றி வந்த பயணி, மெம்பிஸின் பீல் தெருவுக்குத் திரும்பி ஒரு புளூஸ் பாடலைக் கேட்பாராயின், அதே பாடல் வேறாக ஒலிக்கும். பருத்தி வயலும், பாடகி உயிர்நீத்த விடுதியும், ஆற்றங்கரைப் பலகையும், குடுவையில் நிறைந்த மண்ணும் அப்பாடலுக்குள் இருப்பதை அவர் அறிவார்.

கற்பவை கற்றபின்

1. உம் பகுதியில் வழங்கும் நாட்டுப்புறப் பாடல் ஒன்றைத் தேர்ந்து, அது பிறந்த இடத்தையும் தொழிலையும் அறியும் வகையில் ஒருநாள் பயணத்திட்டம் வகுக்க.
2. பசுமை நூல் போன்றதொரு வழிகாட்டி ஒரு சமூகத்திற்குத் தேவைப்பட்டது, அச்சமூகத்தின் நிலையைப் பற்றி எதனை உணர்த்துகிறது? வகுப்பறையில் கலந்துரையாடுக.