யாருடைய காசு என்று சொல்லிவிடுங்கள்

வடசென்னைக்கென்று செய்தி இணையதளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரிய தொகைக்கு விளம்பரம் தரக்கூடியவர்கள் யார்? ஆலைகள், துறைமுகத்தை ஒட்டிய நிறுவனங்கள், கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள், சீட்டு, நிதி கம்பெனிகள். நீங்கள் எழுத வேண்டிய செய்திகளில் பெரும்பங்கும் இவர்களைப் பற்றியதுதான். அதனால், யாரிடம் வாங்குவீர்கள், யாரிடம் வாங்கமாட்டீர்கள் என்பதை முதல் விளம்பரம் வருவதற்கு முன்பே முடிவுசெய்து, தளத்தின் முகப்பில் எழுதிவையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கிப் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் செல்லும் அம்மோனியாக் குழாய் கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள். அப்படியொரு இரவில் குப்பத்துக்காரர் ஒருவர் உங்கள் தளத்தைத் திறக்கிறார். மேலே ஆலையின் விளம்பரம் இருக்கிறது, கீழே கசிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுநாள் நீங்கள் என்ன எழுதினாலும் அவர் நம்பப்போவதில்லை. எனவே ஆலை விளம்பரமே வேண்டாம் என்பேன். செய்தியில் தலையிட மாட்டோம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்தாலும் வேண்டாம். மாதக் கடைசியில் வரவேண்டிய தொகையை நினைத்து உங்கள் கையே தயங்கும்.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது வேலை விளம்பரம். கப்பல் வேலை என்றால் இந்தப் பகுதியில் நகையை அடகுவைத்தாவது பணம் புரட்டிக் கொடுப்பார்கள். ஆனால் கப்பல் ஊழியர்களை வேலைக்கு எடுத்துத் தருபவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கென்று அவர்களிடம் காசு வாங்கக் கூடாது. 2015இல் இந்தியா ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதியும் இதுவே. உரிம எண்ணை இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அந்த எண்ணையும், ‘வேலைக்காகக் காசு கேட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்’ என்ற வரியையும் விளம்பரத்தோடு சேர்த்தே போடுங்கள். ஒரு வாசகர் புகார் சொன்னாலும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். எடுத்துவிட்டால் சத்தமில்லாமல் எடுக்காதீர்கள்; எதற்காக எடுத்தோம் என்று அதே இடத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் கரை வேலை என்றால் ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம்.

டெபாசிட் திட்ட விளம்பரம் வந்தால், அந்த நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளம் இருக்கிறது. ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டுத் தவித்ததை மறக்க முடியுமா? மாதத்துக்கு இருபது, முப்பது சதவீத வட்டி என்று எவர் வந்தாலும் பேச்சையே தொடராதீர்கள்.

வாங்கும் காசை மறைக்காதீர்கள். பணம் பெற்று எழுதியதன் தலைப்புக்கு மேலேயே ‘விளம்பரம்’ என்று தமிழில் போடுங்கள். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்க வேண்டாம். விளம்பரத் தர மன்றமான ‘ஆஸ்கி’ 2021இல் கொண்டுவந்த விதிப்படி, 15 விநாடி முதல் 2 நிமிடம் வரையிலான விளம்பர வீடியோவில் இந்த அறிவிப்பு மூன்றில் ஒரு பங்கு நேரமாவது திரையில் தெரிய வேண்டும். தவறான விளம்பரத்துக்கு, அதைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

பிறகு எதில்தான் சம்பாதிப்பது? காசிமேட்டு வலைக்கடை, எஞ்சின் மெக்கானிக், டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை எனச் சிறிய தொகைகள் நிறைய. ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் தளம் நிற்கும். வாசகர் சந்தாவும் கேட்கலாம். ஆனால் மத்திய அரசின் கடல் தகவல் மையமான ‘இன்காய்ஸ்’, மீனவர்களுக்கு இலவசமாகத் தரும் கடல்நிலை எச்சரிக்கையைச் சந்தாவுக்குள் பூட்டாதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் பணப்புழக்கம் குறைந்து கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்துவார்கள். கூடாத விளம்பரம் ஆசைகாட்டி வருவதும் அப்போதுதான். அந்த 61 நாளுக்கான சர்வர் கட்டணத்தையும் வீட்டுச் செலவையும் பொங்கலிலிருந்தே ஒதுக்கத் தொடங்குங்கள்.