வாக்காளர் பதிவும் வேட்டை, மீன்பிடி அனுமதிப்பத்திரமும்

மாணவர்களே, வாக்குரிமை இருந்தாலும் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லையெனில் பெரும்பாலும் வாக்களிக்க முடியாது. ஐக்கிய அமெரிக்காவில் பிரஜைகள் நீண்டகாலமாகத் தாமே தேடிச் சென்று பதிய வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க 1993இல் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதி பில் கிளின்டன் அதில் ஒப்பமிட்டார்.

சட்டத்தின்படி பதியக்கூடிய வழிகள்:
1. சாரதி அனுமதிப்பத்திர விண்ணப்பத்துடன்
2. தபால் மூலம்
3. பொதுசன உதவி அலுவலகங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை அலுவலகங்களிலும்
4. மாநிலம் தெரிவு செய்யும் ஏனைய அலுவலகங்களில்

நான்காவதற்கு உதாரணங்களாக நூலகம், பாடசாலை, வேட்டை மற்றும் மீன்பிடி அனுமதிப்பத்திர அலுவலகம் என்பவற்றைச் சட்டமே குறிப்பிடுகின்றது. அனுமதிப்பத்திரம் பெற வருபவர் எப்படியும் தமது பெயரையும் முகவரியையும் எழுதுகிறார். அவ்வேளையிலேயே வாக்காளர் படிவமும் கிடைத்தால் இன்னொரு பயணம் மிச்சமாகும்.

கவனிக்க: இவ்வலுவலகங்களை எல்லா மாநிலங்களும் தெரிவு செய்ய வேண்டியதில்லை. வட டக்கோட்டாவில் வாக்காளர் பதிவு முறையே இல்லை.

மாதிரி வினா: இம்முறையில் துஷ்பிரயோகத்தைத் தடுக்கும் ஏற்பாடுகள் மூன்று தருக.
விடை:
• மீன்பிடி அனுமதி வெளிநாட்டவருக்கும் கிடைக்கலாம். ஆதலால் வாக்காளராகப் பதிபவர் தாம் பிரஜை என உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டும்.
• உத்தியோகத்தர் கட்சிச் சார்பாகத் தூண்டக்கூடாது.
• பதிய மறுத்தவரின் முடிவு இரகசியமாகப் பேணப்படும். அதனால் அவர் கோரிய சேவை பாதிக்கப்படாது.

பதிவை இலகுவாக்குவது அரசின் பொறுப்பு; பதிவதா இல்லையா என்பது பிரஜையின் சுதந்திரம். விடையில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.